ஆறு வேலைகளும் இரண்டு விலகல்களும்

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 31. நாவிதன்வெளியில் வசிக்கிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்தவன். ஏழு வருடங்களில் ஆறு இடங்களில் வேலை செய்துவிட்டேன். 2019 ஜனவரியில் மட்டக்களப்பு நகரில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் சேர்ந்து ஏழு மாதம் இருந்தேன். பிறகு கொழும்பில் ஒரு சுப்பர் மார்க்கட்டில் ஆறு மாதம். சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் 16 மாதம் கணக்கு எழுதினேன். 2023, 2024 ஆகிய இரு வருடங்களிலும் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் ஐந்தைந்து மாதம். அதன்பின் கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 11 மாதம் ஸ்டோர் பொறுப்பாக இருந்தேன். கடைசியாகக் கடன் வசூல் வேலை. அதையும் நான்கு மாதத்தில், இந்த ஜனவரியில் விட்டுவிட்டேன். இப்போது வயலுக்குக் கூலிக்குப் போகிறேன். மூன்று வயதில் மகள் இருக்கிறாள். மனைவியின் தமையன் “இவன் ஒரு இடத்திலயும் நிக்கமாட்டான்” என்று நாலு பேர் முன்னால் சொல்கிறார். கட்டாருக்குப் போகச் சொல்லி நிற்கிறார். நேர்முகத் தேர்வில் “ஏன் இத்தனை இடம் மாறினீர்கள்?” என்று கேட்டால் வாயடைத்துப் போகிறேன். இரவில் நித்திரையும் இல்லை. பிழை என்னில்தானா? அரச வேலைக்குக் காத்திருப்பதா? அடுத்த வேலையையாவது எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது எனக்கும் உங்கள் மைத்துனரின் எண்ணமே வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் தரம் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு வேலையும் எந்த மாதத்தில், எதனால் முடிந்தது என்று குறித்துக்கொண்டு வாசித்தேன். அப்போது கதை வேறாகிவிட்டது.

கைத்தொலைபேசிக் கடையிலிருந்து 2019 ஜூலையில் நிறுத்தப்பட்டீர்கள். அந்த வருடம் ஏப்ரல் 21ஆம் திகதி சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின் மட்டக்களப்பு நகரக் கடைகள் எவ்வளவு காலம் வெறிச்சோடிக் கிடந்தன என்பதை இங்குள்ள எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆள் குறைக்க வேண்டிய முதலாளி, கடைசியாகச் சேர்ந்தவரைக் குறைத்திருக்கிறார். கொழும்பு வேலை 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டதோடு முடிந்தது. அரிசி ஆலை வேலை 2022 பெப்ரவரியில் முடிந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததால் அந்த மாரி வெள்ளாமை விளைச்சலில் படுத்துவிட, அறுவடைக் காலத்தில் முற்றம் நிறைய நெல் காய வேண்டிய ஆலைகளில் நெல்லே இருக்கவில்லை. பாசிக்குடாவில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய சித்திரை முதல் புரட்டாதி வரைதான். மழை தொடங்கியதும் அறைகள் காலியாகிவிடும், உங்கள் ஒப்பந்தமும் ஐந்து மாதத்துக்கே எழுதப்பட்டிருந்தது. அதுமட்டுமன்றி, 2023இல் வேலை செய்த உங்களை அதே ஹோட்டல் 2024இலும் கூப்பிட்டிருக்கிறது. நிலைக்காதவன் என்று பெயர் வாங்கிய ஒருவரை எந்த மனேஜரும் அடுத்த வருடம் தொலைபேசி எடுத்துக் கூப்பிடுவதில்லை.

ஆகவே ஆறு முடிவுகளில் நான்கில் உங்களுடைய பங்கு எதுவுமில்லை. அவற்றைச் சுமந்துகொண்டு இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை. மிஞ்சிய இரண்டும், அதாவது ஹார்ட்வெயார் கடையும் கடன் வசூலும், நீங்களாக விலகியவை. நாம் பேச வேண்டியது அவற்றைப் பற்றித்தான்.

ஹார்ட்வெயார் கடையில் நடந்ததை நீங்கள் விரிவாக எழுதியிருப்பது எனக்கு மிகவும் உதவியது. முதலாளியின் தம்பி, பழக்கமான மேசன்மாருக்கு வெறும் துண்டில் எழுதிக்கொடுத்து, சீமெந்தும் கட்டுக்கம்பியும் பெயின்ட் வாளிகளும் கடனுக்கு அனுப்பியிருக்கிறார். அந்தத் துண்டுகள் பல உங்கள் மேசைக்கு வரவேயில்லை. முதல் மாதக் கடைசியில் இருப்பை எண்ணியபோது சீமெந்தில் ஒன்பது பைகள் குறைவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். முதலாளியின் சொந்தத் தம்பியைப் பற்றி முதலாளியிடமே எப்படிச் சொல்வது என்று தயங்கி, சொல்லாமல் விட்டு, ஒரு சின்னக் கொப்பியில் மட்டும் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறீர்கள். இப்படியே பத்து மாதம் போயிருக்கிறது. பதினொராவது மாதத்தில் ஒரு நாள், முதலாளி தானே ஸ்டோருக்குள் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்களின் முன்னிலையில் “நீ என்ன கணக்குப் பார்க்கிறாய்?” என்று சத்தம் போட்டிருக்கிறார். நீங்கள் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, அந்த மாதச் சம்பளத்தையும் கேளாமல், கிட்டங்கித் தாம்போதி தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

அவமானப்பட்டது உண்மை, நான் உங்களிடத்தில் இருந்தாலும் அன்று இரவு கொதித்திருப்பேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பதால், அதற்கு முந்திய பத்து மாதங்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. முதலாளிக்குத் தெரியாத ஓர் உண்மை உங்கள் கொப்பியில் இருந்தது. அவர் அதை அறிந்திருந்தால் தன் தம்பியிடம் சத்தம் போட்டிருக்கலாம், அல்லது அதையும் உங்கள் மீதே போட்டிருக்கலாம். எப்படியிருந்தாலும் அது முதலாவது மாதத்தில், ஒன்பது பைச் சீமெந்தோடு முடிந்திருக்கும். சொல்லாமல் விட்டதால் குறைவு வளர்ந்து, கடைசியில் உங்கள் பெயரில் விழுந்தது.

கடன் வசூல் வேலையிலும் இதே வடிவத்தையே காண்கிறேன். தவணை கட்ட வழியில்லாத ஒரு தாய், பிள்ளையின் காதுப்பூவைக் கழற்றி நீட்டியதைக் கண்ட நாளிலிருந்து உங்களுக்கு அந்த வேலை ஒவ்வாமற் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மனது உங்களிடம் இருப்பதற்காக நான் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை. அந்த வேலையை விட்டதும் பிழையென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது நடந்தது இரண்டாம் மாதத்தில். அதற்குப் பின்னும் இரண்டு மாதம் யாரிடமும் வாய்திறவாமல் போய்வந்து, ஒரு திங்கட்கிழமை போகாமல் நின்று, தொலைபேசியையும் நிறுத்திவிட்டீர்கள். இரு இடங்களிலும் மாதக்கணக்கில் மௌனமாக இருந்துவிட்டு, ஒரு நிமிடத்தில் வெளியேறியிருக்கிறீர்கள். உங்களிடம் பழுதுபார்க்க வேண்டிய பழக்கம் இது ஒன்றுதான் என்பது என் கணிப்பு.

இதில் உடனே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வசூல் பணத்துக்கான பற்றுச்சீட்டுப் புத்தகம் இன்னும் உங்கள் வீட்டில் இருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பணத்தோடு தொடர்புடைய வேலையிலிருந்து கணக்கு ஒப்படைக்காமல் மறைந்தவரைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரமே அலுவலகத்துக்குப் போய், கடைசியாக வெட்டிய சீட்டின் இலக்கத்தையும், ஒப்படைத்த பணத்தின் கணக்கையும் எழுதி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு இரண்டு வரியில் விலகல் கடிதமும் கொடுங்கள். அங்கு ஏதும் பேச்சு வாங்க நேர்ந்தாலும் வாங்கிக்கொண்டு வாருங்கள். அதற்கு ஒரு காலைப்பொழுதுதான் செலவாகும்.

இனி நேர்முகத் தேர்வுக்கு வருவோம். நான் மேசையின் மறுபக்கத்திலும் பல தடவை இருந்திருக்கிறேன். “ஏன் இத்தனை இடம்?” என்ற கேள்வியைப் பெரும்பாலும் எவரும் உங்களைச் சிறுமைப்படுத்துவதற்காகக் கேட்பதில்லை, பழக்கித் தந்த பிறகு ஆறாம் மாதத்தில் போய்விடுவாரோ என்ற பயத்தில் கேட்கிறார்கள். வாயடைத்துப் போகும்போது அந்தப் பயம் உறுதியாகிவிடுகிறது. உங்கள் சுயவிபரக் கோவையில் வேலைகளை வெறும் பட்டியலாகப் போட்டிருக்கிறீர்கள். நான் அவற்றைக் கூட்டிப் பார்த்தேன். கைத்தொலைபேசிக் கடை ஏழு மாதம், சுப்பர் மார்க்கட் ஆறு, அரிசி ஆலை பதினாறு, ஹார்ட்வெயார் பதினொன்று, ஆக 40 மாதம். இந்த நான்கு இடத்திலும் நீங்கள் செய்தது ஒரே தொழில்: சரக்கைப் பொறுப்பெடுப்பது, எண்ணுவது, எழுதுவது, கொடுத்தனுப்புவது. மூன்று வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள ஒரு களஞ்சியக் காப்பாளர், தன்னை ஆறு வேலை மாறியவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு திரிகிறார்.

ஆகவே தாளின் மேற்பகுதியில் அந்த 40 மாதத்தை ஒரே தலைப்பின் கீழ் எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே முடிந்த மாதத்தையும் காரணத்தையும் அரைவரியில் குறியுங்கள், ஒன்றையும் ஒளிக்காதீர்கள். கேள்வி வந்தால், “நான்கு இடங்களில் வேலை நாட்டு நிலைமையாலும் பருவத்தாலும் முடிந்தது. ஹோட்டல் என்னை இரண்டாம் முறையும் கூப்பிட்டது. இரண்டு இடத்திலிருந்து நானாக விலகினேன்; கணக்கில் கண்ட குறையை நேரத்தோடு சொல்லாமல் விட்டது என் பிழை, இப்போது மாதந்தோறும் எழுத்தில் கொடுக்கப் பழகியிருக்கிறேன்” என்று சொல்லுங்கள். கடைசிப் பகுதியை நீங்கள் உண்மையாகவே பழகிய பிறகுதான் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பாசிக்குடாவுக்குத் திரும்பப் போவதானால், இம்முறை பரிமாறும் வேலையைக் கேளாமல் ஸ்டோரைக் கேளுங்கள். பருவம் முடிந்ததும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது பரிமாறுகிறவர்கள். களஞ்சியமும் பராமரிப்பும் காவலும் மாரியிலும் சிறிய அளவிலாவது நடந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு பருவம் பரிமாறிய அனுபவமும் வீண்போக வேண்டியதில்லை. வகுப்புக்குப் போகாமலேயே, செய்த வேலையைச் செய்து காட்டி, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் இதைக் கேளுங்கள். ஸ்டோர் வேலைக்கும் அப்படியொன்று கிடைக்குமா என்பதையும் அவரிடமே விசாரிக்கலாம்.

அரச வேலையைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. முகாமைத்துவ சேவை உத்தியோகத்தருக்கான திறந்த போட்டிப் பரீட்சை போன்றவற்றுக்கு வயதெல்லை வழமையாக 30தான். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். வர்த்தமானியைப் பாருங்கள், பொருந்துவது வந்தால் விண்ணப்பியுங்கள், ஆனால் அதற்காக ஒரு மாதத்தையும் சும்மா கழிக்க வேண்டாம். கட்டார் விடயத்தில், போவதென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டு, அனுமதிபெற்ற முகவர் ஊடாகப் போக வேண்டும். அங்கேயும் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார், அவரிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டி வரும் என்பதை மட்டும் உங்கள் மைத்துனருக்கு மரியாதையோடு நினைவுபடுத்துங்கள்.

நித்திரை இல்லாதது இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அதை வேலையில்லாத கவலை என்று ஒதுக்கிவிடாமல் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் மனநலப் பிரிவு வைத்தியரைக் காணுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் தமிழில் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த வேலையில் சேரும் நாளில் மூன்று விடயங்களைப் பேசிவிட்டுத்தான் சாவியைக் கையில் வாங்க வேண்டும். முதலாவது நியமனக் கடிதம். கல்முனையில் “அதெல்லாம் மறுகாப் பார்ப்பம்” என்றார்கள், நீங்களும் பேசாமல் இருந்துவிட்டீர்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி கடையில் வேலைசெய்பவருக்கு அது எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, கிட்டங்கித் தாம்போதி. மாரியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்கு நேரத்துக்கு வருவது நடக்காத காரியம். ஹார்ட்வெயார் கடையில் இருந்தபோது மாரியில் நீங்கள் பிந்திய ஏழு நாட்களும் அத்தகையவைதான், ஆனால் முதலாளியின் டாப்பில், அதாவது வரவுப் பதிவில், அவை வெறுமனே பிந்திய நாட்களாகவே இருக்கின்றன. கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் ஏறினால் முதல்நாள் இரவே அறிவிப்பேன், அந்த நேரத்தை மாலையில் ஈடுசெய்வேன் என்று வெயில் காலத்திலேயே சொல்லி வைத்தால், அது சாக்காகத் தெரியாது.

மூன்றாவது ஊழியர் சேமலாப நிதி. “ஒரு வருசம் முடியட்டும்” என்று உங்களுக்குச் சொன்னது சட்டத்துக்குப் புறம்பானது. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி, தற்காலிகமானவரோ நாட்கூலியோ என்று பாராமல், முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். கடையில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். உங்கள் பங்கு நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு 12. அதைவிட, 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3 முதலாளியே கட்ட வேண்டும். உங்கள் 40,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதம் 8,000 ரூபாயும் 1,200 ரூபாயும் உங்கள் பெயரில் சேர்ந்திருக்க வேண்டியவை. பதினொரு மாதத்துக்குக் கணக்கிட்டால் 101,200 ரூபாய். கொழும்பிலும் பாசிக்குடாவிலும் உங்கள் சம்பளச் சீட்டில் 8 வீதம் கழித்திருக்கிறார்கள். அந்தச் சீட்டுகளிலுள்ள அங்கத்துவ இலக்கங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சேமலாப நிதி இடம் மாறினாலும் அழிவதில்லை, வெவ்வேறு கணக்குகளை உங்கள் அடையாள அட்டை இலக்கத்தின் கீழ் ஒன்றுசேர்க்கவும் முடியும். நம்பிக்கைப் பொறுப்பு நிதியை, வேலையிலிருந்து விலகியவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் இதுவரை எடுக்கவில்லையானால் இப்போது அது உங்கள் வீட்டுக்கு உதவக்கூடும்.

உங்களை நிறுத்தியதைப் பற்றித் தொழில் நியாய சபைக்குப் போகலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அங்கு ஆறு மாதத்துக்குள் போயிருக்க வேண்டும். ஆலை விடயத்தில் அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது, ஹார்ட்வெயார் கடையிலோ உங்களை எவரும் நிறுத்தவில்லை. பின்னாளில் 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் 12 மாதத்துக்குள் 180 நாள் வேலைசெய்திருந்தால், ஒழுக்காற்றுக் காரணமின்றி உங்களை நிறுத்துவதற்கு உங்கள் எழுத்துமூல சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். இதை ஞாபகத்தில் வையுங்கள். வருகைப் பதிவையும் சம்பளச் சீட்டையும் இனிமேல் எறியாதீர்கள்.

வேலையில் இருக்கும்போது செய்ய வேண்டியது சிறிய காரியம். மாதத்தின் கடைசி நாளில் இருப்பை எண்ணி, புத்தகத்தில் இருக்க வேண்டியது எவ்வளவு, தட்டில் இருப்பது எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி, முதலாளியின் கையெழுத்து வாங்குங்கள். குறைந்தால், காரணம் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சாமான், எத்தனை, எந்தத் திகதிக்குப் பிறகு என்று மட்டும் எழுதுங்கள். “காக்கா, கணக்குல ஒரு வித்தியாசம் இரிக்கு, கடை பூட்டுறதுக்கு முதல் அஞ்சு நிமிசம் பேசணும்” என்று ஒருமுறை சொல்லிப் பழகிவிட்டால் இரண்டாம் முறை நாக்கு தானாகத் திரும்பும். யாராவது சத்தம் போட்ட நாளில் விலகாதீர்கள். அன்று மாலை வழமையான நேரத்துக்கு வீட்டுக்குப் போய், மறுநாள் வழமையான நேரத்துக்கு வாருங்கள். அதன் பிறகும் போகத்தான் வேண்டுமென்றால் ஒரு மாத அறிவித்தலை எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

புதிய இடத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன், அந்தச் சின்னக் கொப்பியை எடுத்துக்கொண்டு கல்முனைக்கு ஒரு தரம் போய்வாருங்கள். அதன் எல்லாப் பக்கங்களையும் போட்டோக்கொப்பி எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சேமலாப நிதிக்காகத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. தேவைப்பட்டால் நீங்கள் அங்கு வேலைசெய்ததற்கு அந்தக் கொப்பியும் ஒரு சாட்சி. ஆனால் முறைப்பாட்டை முதலில் கொண்டுபோகாமல் கொப்பியை முதலில் கொண்டுபோகும்படிதான் சொல்வேன். முதலாளி தான் இழந்தது எங்கே என்று அறியாமலேயே ஆறு மாதமாக உங்களைச் சந்தேகித்துக்கொண்டிருக்கக்கூடும். திகதிகளைக் காட்டுங்கள், தம்பியின் பெயரை அவரே படித்துக்கொள்ளட்டும். நேரத்தோடு சொல்லாததற்கு வருத்தம் தெரிவியுங்கள். பிறகு, 11 மாதம் வேலைசெய்ததாக ஒரு சேவைக் கடிதம், நின்றுபோன சம்பளம், சேமலாப நிதி என்ற வரிசையில் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குக் கடை பூட்டும், சனிக்கிழமை சனம் நிற்கும். செவ்வாயோ புதனோ, அசர் தொழுகைக்குப் பிறகு, முதலாளி தேநீர் குடிக்க உட்காரும் நேரம் உங்களுக்கே தெரியும்.